வெயிலுக்காக ஒரு மனு

சால்வை போர்த்துவது நன்றி சொல்வதற்காகத்தான் என்று ஒரு தவறான கருத்து நம் நாட்டில் ஆழமாக வேரூன்றிவிட்டது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். உங்கள் மடியில் இருக்கும் பெட்டியைப் பார்த்ததிலிருந்து சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று இருந்தது, தம்பி. கண்ணாடித்தாள் வழியாக ஜரிகை தெரிகிறதே, சால்வைதானே? யாருக்கோ போர்த்தப் போகிறீர்கள். போர்த்துங்கள், தவறே இல்லை. ஆனால் நன்றி வேறு, மரியாதை வேறு. நன்றி என்பது ஒருவர் செய்த காரியத்துக்கு. மரியாதை என்பது அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு. இந்த வேறுபாடு தெரியாத ஒரு நிருபராலும் ஒரு உதவியாளராலும் என் தங்கையின் மாவு மில் இன்றைக்குப் பூட்டிக் கிடக்கிறது.

சால்வையால் மில் மூடுமா என்று பார்க்கிறீர்கள். மூடும். சேலம் வர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். நான் பேசுவது புத்தகம் படிப்பது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவன். ஊரில் லைப்ரரி அண்ணாச்சி என்றால்தான் தெரியும். தங்கதுரை என்ற பெயர் ஓய்வூதியத்துக்கு மட்டும் பயன்படுகிறது.

என் தங்கை பேரின்பம். திருநெல்வேலிப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது, பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் போன பிறகு மில்லை அவளே நடத்தினாள். கோதுமைக்கு ஒரு மெஷின், அரிசிக்கு ஒன்று, மிளகாய், மல்லிக்குத் தனியாக ஒன்று. மிளகாய் அரைத்த மெஷினில் மறந்தும் வேறெதுவும் போடமாட்டாள். சாயங்காலம் மில்லை விட்டு வெளியே வந்தால் புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். என்னைவிட ஒன்பது வயது சின்னவள், என்னைவிடக் கிழவி மாதிரி வருவாள். நான் சிரிப்பேன். "சிரிக்காதண்ணே, ஒன் தலையில உள்ளது கழுவுனா போவுமா?" என்பாள். நீ, வா, போ என்றுதான் என்னைப் பேசுவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நானும் திருத்திப் பார்த்தேன்.

கரண்ட் பில்தான் அவளுக்குச் சத்துரு. மெஷின் ஓடினாலும் பில், ஓடாவிட்டாலும் ஒரு நிலைக்கட்டணம். நான்தான் யோசனை சொன்னேன். இதை அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன், ஆனால் குறிப்பிடாமல் இருக்க முடியாது. நூலகத்துக்கு வரும் ஒரு பத்திரிகையில் சோலார் பலகைகளைப் பற்றிப் படித்துவிட்டு நேராக மில்லுக்குப் போனேன். வெயில் இருக்கும்போது பலகை கரண்ட் கொடுக்கும். மாவு மில் ராத்திரியா ஓடுகிறது? சூரியனும் என் தங்கையும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்து ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள். அவள் ரொம்ப யோசித்தாள். கடைசியில் மனைக்கட்டு ஒன்று வைத்திருந்ததை விற்றுப் பலகை போட்டாள். தகரக் கூரைக்கு மேலே வரிசையாகப் பலகைகள். காக்காய் எச்சம் போட்டால் ஏணி வைத்து ஏறித் துடைப்பாள். "பிள்ளைகளைக் குளிப்பாட்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டே இறங்குவாள்.

அந்தக் காலம் நன்றாக இருந்தது, தம்பி. அரைக்கும் கூலியை அவள் ஏற்றவே இல்லை. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பஸ்ஸில் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேரின்பம் பாட்டுக்கூடப் பாடுவாள். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

பிறகு அந்த மசோதா வந்தது. சட்டமன்றத்தில் வைக்கப்போகிறார்கள் என்று செய்தி. நான் முழுதும் வாசித்தேன். ஊரில் முழுதும் வாசித்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எளிமையாகச் சொல்கிறேன். இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் கூரையில் நீங்களே எடுத்து நீங்களே செலவழிக்கும் வெயில் கரண்டுக்கும் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு, பெரிய பெரிய தொழிற்சாலைகளுக்குச் சலுகை. அதில் விழும் பள்ளத்தை நிரப்ப வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நிலைக்கட்டணம் உயரும். பேரின்பத்துக்கு இரண்டு பக்கமும் அடி. அவளிடம் மாவு அரைக்க வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் அடி.

எங்கள் ஊரில் இன்னும் ஒருவர் பலகை போட்டிருந்தார், ஐஸ் கம்பெனி மைதீன் பாய். அவரும் பதறிப்போய் வந்தார். ஓட்டெடுப்புக்கு முன்னால் நம் தொகுதி உறுப்பினரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது. நம் உறுப்பினர் கெட்டவர் இல்லை, காது கொடுத்துக் கேட்பார் என்று பேச்சு. எதிர்த்து ஓட்டுப் போடாவிட்டாலும் சபையில் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருத்தம் வரும் என்றார் மைதீன் பாய்.

"யாரு பேசுறது?" என்றும் அவரே கேட்டார்.

"நான் பேசுதேன்" என்றாள் பேரின்பம்.

நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். அவள் நாலு பேர் முன்னால் பேசிப் பார்த்ததே இல்லை. அதன் பிறகு மில்லுக்குப் போகும்போதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருப்பாள். பாடுகிறாளோ என்று கிட்டப் போனேன். பாட்டு இல்லை. "ஐயா, எங்க மில்லு வெயில்ல ஓடுது. அந்த வெயிலுக்குக் காசு கேக்காதீங்க. எங்ககிட்ட மாவரைக்க வாரவங்க வீட்டு பில்லையும் ஏத்தாதீங்க. எங்களுக்கு இது சம்மதம் இல்லைன்னு நீங்க சபையில சொல்லணும்." இவ்வளவுதான். திரும்பத் திரும்ப இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல பேச்சுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், இதில் பின்னணி எங்கே? ஆதாரம் எங்கே? வெள்ளைக்காரன் காலத்து முதல் மின்சாரச் சட்டத்திலிருந்து தொடங்கினால்தானே இந்த மசோதா எங்கே வழி தவறுகிறது என்று ஒருவருக்குப் புரியும்? ஆகவே மனுவை நான் எழுதினேன். அடிக்குறிப்புகளுடன்.

மைதீன் பாய் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல நாம என்ன கேக்கோம்னு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்.

"கடைசிப் பக்கத்தில். படிப்படியாக அங்கே வந்து சேர்கிறோம்."

"அவரு அங்க வந்து சேருவாரா?"

அவர் ஐஸ் வியாபாரி. எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும் அவருக்கு.

அடுத்தது சால்வை. இதில்தான் பெரிய விவாதம். மைதீன் பாய் சால்வையே வேண்டாம் என்றார். "நாம என்ன பாராட்டு விழாவுக்கா போறோம்? வயிறெரிஞ்சு போறோம், அண்ணாச்சி." பேரின்பமும், "வேண்டாம்ணே, வெறுங்கையோட போயி நிப்போம்" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மக்கள் பிரதிநிதியை வெறுங்கையோடு பார்ப்பது பண்பாடா? கருத்தை எதிர்க்கலாம், நாற்காலியை அவமதிக்கலாமா? நான் என் கைக்காசில் வாங்கினேன். நிறம் தேர்வு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிவப்பு எடுத்தால் ஒரு கட்சி, பச்சை எடுத்தால் ஒரு கட்சி, மஞ்சள், நீலம் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். கடைக்காரன், "அண்ணாச்சி, கட்சி இல்லாத கலரு துணியில இல்ல, தண்ணியிலதான் உண்டு" என்றான். கடைசியில் சந்தன நிறம். யாரும் தவறாகப் பொருள் கொள்ள முடியாத நிறம்.

உறுப்பினர் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், பள்ளிக்கூட சீட்டுக்கு வந்தவர்கள், சாக்கடைக்கு வந்தவர்கள். உதவியாளர் ஒருவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு முறை இருக்கிறது. உள்ளே போனதும் பேச வேண்டியதைப் பேச வேண்டும். உடனே சால்வை, மனு, படம். அப்புறம் வெளியே. கை தட்டுவதற்குள் முடிந்துவிடும்.

எங்களைக் கூப்பிட்டார்கள். உறுப்பினர் நல்ல மாதிரி. எழுந்து நின்று கும்பிட்டார். எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுப் பேரின்பத்திடம், "சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?" என்றார்.

அவளைத்தான் கேட்டார். ஆமாம்.

பேரின்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஐயா, எங்க மில்லு..." என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. எனக்கு அது தாங்கவில்லை, தம்பி. என் தங்கை ஒரு பெரிய மனிதர் முன்னால் நடுவில் திக்கி நின்றுவிட்டால்? நான் அண்ணன், பார்த்துக்கொண்டு நிற்கவா? ஆகவே நான் முன்னால் வந்து, "ஐயா, இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

சுருக்கமாகத்தான் சொன்னேன். உறுப்பினர் கண் எடுக்காமல் என்னையே பார்த்தார். என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார் என்று மைதீன் பாய் பின்னால் சொன்னார். அது மிகை. நான் நாடு விடுதலை அடைந்த கட்டத்துக்கு வந்தபோது அவருக்குப் போன் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று பேசினார். பேசி முடித்துவிட்டு, "ரொம்ப நல்லா சொன்னீங்க அண்ணாச்சி. மனுவைக் கொடுங்க, நான் படிச்சுக்கிறேன்" என்றார். உதவியாளர் எங்களைத் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"சால்வை கொண்டாந்திருக்கீங்களா? யம்மா, நீங்க போடுங்க. லேடீஸ் போட்டா படம் நல்லா வரும்."

பேரின்பம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயே போடுண்ணே" என்று மெதுவாகச் சொன்னாள். நான், போடு போடு என்று கண்ணைக் காட்டினேன். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் மறுத்துப் பேசுவது அழகா? அவள் போர்த்தினாள். கேமராக்காரர், "அம்மா கொஞ்சம் சிரிங்க" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் சட்டென்று சிரிப்பு வராது. ஆனால் சிரி என்று சொன்னால் சிரித்துவிடுவோம், அப்படி வளர்த்துவிட்டார்கள். சிரித்தாள். பல் எல்லாம் தெரிய.

வெளியே வந்ததும் மைதீன் பாய், "நாம எதுக்கு வந்தோம்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான், மனுவில் இருக்கிறதே என்றேன். பேரின்பம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வாயை அசைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. கீழே என்ன போட்டிருந்தது என்கிறீர்கள்? "சூரிய மின் மசோதாவுக்கு மாவு மில் உரிமையாளர்கள் நன்றி. உறுப்பினருக்குச் சால்வை அணிவித்தனர்." நான் உடனே பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். படத்தில் நான் இடமிருந்து மூன்றாவது. அவர்கள் இரண்டாவது என்று போட்டிருந்தார்கள். இரண்டாவது நிற்பது மைதீன் பாய். அவர் லுங்கி கட்டியிருந்தார், நான் வேட்டி. இதைக்கூடப் பார்க்கமாட்டார்களா? அடுத்த நாளே திருத்தம் போட்டார்கள். நான் விடமாட்டேன்.

நன்றி என்ற வார்த்தையைப் பற்றிக் கேட்டீர்களா என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். ஆனால் நன்றிக்கும் மரியாதைக்கும் உள்ள வேறுபாட்டைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். தொடங்கியும் இருந்தேன்.

அதற்குள் சபையில் விவாதம் வந்துவிட்டது. நேரலை காட்டினார்கள். பேரின்பத்தின் மில்லில் எடைத் தராசின் மேல் போனை முழுச் சத்தத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். மைதீன் பாயும் வந்திருந்தார். மாவு அரைக்க வந்த பெண்கள் டின்னை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த மசோதா சின்னத் தொழில்களை அழித்துவிடும், வீட்டுப் பெண்கள் கரண்ட் பில்லைப் பார்த்து அழுவார்கள் என்று நன்றாகவே பேசினார். மைதீன் பாய், "போடு!" என்று கையைத் தட்டினார்.

அப்போது நம் உறுப்பினர் எழுந்தார். கையில் அந்தப் படம்.

"எங்கள் தொகுதியில் கணவரை இழந்து தனியாக மாவு மில் நடத்தும் ஒரு சகோதரி, இந்த மசோதாவுக்காக என் வீடு தேடி வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். இதோ பாருங்கள், அந்த முகத்தில் எவ்வளவு மகிழ்ச்சி! சின்னத் தொழில் செய்கிறவர்களே வரவேற்கிறார்கள். உங்களுக்கு என்ன வலிக்கிறது?"

மேசையைத் தட்டினார்கள், தம்பி. அந்தத் தட்டல் தராசு வழியாகக் கேட்டது. தராசுத் தட்டு அதிர்ந்தது. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது.

மெஷினில் யாருடைய கோதுமையோ ஓடிக்கொண்டிருந்தது. அரைபடும்போது பாதியில் நிறுத்துகிற வழக்கம் பேரின்பத்துக்குக் கிடையாது. அன்று கையை நீட்டி நிறுத்தினாள். நிறுத்தியதும்தான் கனகு என்ற பெண் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"ஏட்டி பேரின்பம், எங்க வீட்டு பில்லை ஏத்துறதுக்கு நீயா போயி நன்றி சொல்லிட்டு வந்த?"

பேரின்பம் வாயைத் திறந்தாள். அவள் பேசியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இது நுட்பமான விஷயம். தவறாக ஒரு வார்த்தை விழுந்தால் கெட்டுவிடும். ஆகவே நான் நாற்காலியிலிருந்து எழுந்து, "தாய்மார்களே, நன்றி வேறு, மரியாதை வேறு" என்று விளக்கினேன். உங்களிடம் சொன்னதைவிட விரிவாகவே சொன்னேன். பாதியிலேயே டின்னை எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள். கனகு மட்டும் கொஞ்சம் நின்று கேட்டாள். அரைபடாத கோதுமைக்காக நின்றிருக்கிறாள், அது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பில் வரும்போதும் ஊரில் பேரின்பத்தின் பேச்சுதான். "அவளுக்கென்ன, கூரையில பலகை இருக்கு. நம்ம வயித்துல அடிச்சா." பலகைக்கு அவளும்தான் கட்டணம் கட்டுகிறாள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சட்டப் பிரிவைச் சொல்லி விளக்கினேன். மில்லுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். முதலில் அரிசி மெஷின் நின்றது. பிறகு கோதுமை. மிளகாய் மட்டும் கொஞ்ச நாள் ஓடியது. மைதீன் பாய் தன் வீட்டு மிளகாயையும் சொந்தக்காரர் வீட்டு மிளகாயையும் சேர்த்துக் கொண்டுவந்து அரைத்துப் பார்த்தார். ஒரு குடும்பம் எவ்வளவு மிளகாய் தின்ன முடியும்?

நான் சும்மா இருக்கவில்லை. சபைத் தலைவருக்கு எழுதினேன். உரிமை மீறல் பற்றி விதிகளை மேற்கோள் காட்டி எழுதினேன். பேரின்பத்திடம் கையெழுத்துக் கேட்கப் போனேன். மில்லில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மாவே இல்லாத தரை. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். எனக்காக நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். நீங்க என்று. ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் பக்குவம் வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வேட்டியைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. நூலகத்தில் இருந்தவனுக்கு ஏன் என்று தெரியாமல் ஒன்று இருந்தால் கஷ்டமாக இருக்கிறது.

மில்லைப் பூட்டிவிட்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று சாவியை மைதீன் பாயிடம் கொடுத்தாளாம். என்னிடம் கொடுத்திருக்கலாம், என் வீடுதான் பக்கம். பலகைகளை யாரும் துடைப்பதில்லை. காக்காய்கள் சுகமாக இருக்கின்றன. நான் ஒரு தரம் ஏணி வைத்துப் பார்த்தேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நாலாவது படிக்கு மேல் ஏற முடியவில்லை.

இப்போது ஓசூருக்குத்தான் போகிறேன், அவளைப் பார்க்க. அடுத்த கூட்டத்தொடரில் திருத்த மசோதா வரலாம் என்று ஒரு பேச்சு. புது மனு ஒன்று தயார் செய்திருக்கிறேன், பையில் இருக்கிறது. இந்த முறை அவள் சொன்ன அந்த நாலு வரியையும் சேர்த்திருக்கிறேன், பிற்சேர்க்கையில். நான் வருவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் மகள் வீட்டில் சிரமப்பட்டு ஏதாவது செய்வாள்.

போன தடவை போனபோதே அப்படித்தான். வாங்க என்று கூப்பிட்டாள், உட்காருங்க என்றாள், சாம்பார் வைத்தாள். நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனேன். மேடைமேல் கடையில் வாங்கின மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்று, மூலையை வெட்டி, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்திருந்தது.